தெளிந்துவிட்டது

பீன்யாவில் ஒரு ஜூஸ் கம்பெனியின் லேப்பில் எனக்கு வேலை. பழச்சாற்றைத் தெளிய வைப்பதுதான் பிழைப்பு. முன்பெல்லாம் மாட்டெலும்பில் எடுத்த ஜெலட்டின் போடுவோம். சைவக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று இப்போது பட்டாணியில் எடுத்த புரதப் பொடி. கரைத்து ஊற்றிக் குளிரில் வைத்தால் கலங்கலைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே நிற்பதை வடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஆட்டினால் எல்லாம் வீண்.

போன வருஷம் என் கணவருக்கு மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியிலிருந்து லிங்கராஜபுரம் வீட்டுக்கு அழைத்து வந்தபோது மூச்சு இருந்தது, நினைவு இல்லை. தெளியலாம், தெளியாமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் ஆகாரம். திப்பி போனால் அடைத்துக்கொள்ளும். மாதுளை என்றால் அவருக்கு உயிர். ஊருக்கெல்லாம் தெளிய வைக்கிறேன், இவருக்குச் செய்ய மாட்டேனா என்று கொஞ்சம் பட்டாணிப் பொடி வாங்கி வந்தேன்.

அன்று காலை மாதுளைச் சாற்றில் பொடியைக் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனாரிடம், ஆட்டாதே, தெளிந்ததும் போன் பண்ணு, வடிக்கச் சொல்லித் தருகிறேன் என்றேன். கம்பெனியில் இருந்த வேலையில் எனக்கு அது சுத்தமாக மறந்துபோனது.

மதியம் போன் வந்தது. என் பின்னால் மெஷின் இரைச்சல்.

“அண்ணி, தெளிஞ்சிடுச்சு.”

குரலில் அப்படியொரு சந்தோஷம். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இதோ வருகிறேன் என்று போனை வைத்தேன். பக்கத்து மேஜைக் கன்னடத்துப் பெண்ணிடம், “பிரக்ஞெ பந்து” என்றேன். நினைவு வந்துவிட்டது என்று அர்த்தம். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். லேப்பே எழுந்து வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தது. வழியெல்லாம் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

நாத்தனார் என்னை நேராகச் சமையலறைக்கு அழைத்துப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள்.

“பாருங்க அண்ணி, அடியில மண்டி, மேல கண்ணாடியாட்டம். நான் ஆட்டவே இல்ல.”

ஓங்கி ஒரு அறை விடலாம் போல வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம், சொன்னபடிதான் செய்திருக்கிறாள். கன்னடத்தில் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். பாழாய்ப்போன தமிழில்தான் சாற்றுக்கும் மனுஷனுக்கும் ஒரே சொல். போனிலேயே சொல்லித் தந்திருக்கலாமே, இதற்காகவா வேலையை விட்டு வந்தீர்கள் என்று கேட்டாள். தலைவலி என்று சொன்னேன்.

அவர் காலையில் படுத்த மாதிரியே படுத்திருந்தார். காதருகே குனிந்து, தெளிஞ்சிடுங்களேன் என்று கெஞ்சினேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அப்போது லேப்பிலிருந்து போன். பேசினாரா என்று அந்தப் பெண் கேட்டாள். எல்லோரும் அவளைச் சுற்றி நிற்பது போனில் கேட்ட குரல்களிலேயே தெரிந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேசினார் என்றேன். என்ன பேசினார் என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டார் என்றேன்.

அடுத்த மாதம் அவர் வாயே திறக்காமல் போய்விட்டார். போவதற்கு முன்னால் உன்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தானே போனார் என்று லேப்பில் இன்றும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.