தழும்பில்லாத கொலைகாரி

1. சட்டைக் கை

இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணின் சட்டைக் கையை முழங்கைவரை தள்ளினார். வயலின்கள் அலறின. பக்கத்தில் நின்ற கிழவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கதிரையில் விழுந்தார். கமெரா பாய்ந்துபோய் அவளுடைய மணிக்கட்டில் நின்றது. அங்கே ஒன்றுமில்லை. பாலில் கழுவி எடுத்ததுபோல ஒரு கை.

திருப்பி ஓடவிட்டேன். மறுபடியும் வயலின், மறுபடியும் கிழவர், மறுபடியும் அதே வெள்ளைக் கை. ‘இதோ அந்தத் தழும்பு’ என்று இன்ஸ்பெக்டர் சொல்வதாக அடியில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. எந்தத் தழும்பு?

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும், வேலை தொடங்க முதல் ஏன் படம் முழுக்கப் பார்க்க வைக்கிறோம் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக் களைத்துப்போனேன். அதனால் எழுதி வைக்கிறேன். நான் துளசி, வட்டுக்கோட்டை. கடைசிச் செக்கிங் என்னுடைய வேலை.

2. பொம்பிளை ஷொட்

எங்கள் ஸ்டூடியோ யாழ்ப்பாண நகரத்தில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. முதலாளி குகன் அண்ணை. கலியாண வீடியோ, பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு வீடியோ, அல்பம் என்று நன்றாக ஓடிய இடம். அப்படியிருக்க, கொழும்பு நிறுவனம் ஒன்று வழியாக இத்தாலியில் இருந்து ஒரு வேலை வந்தது. அங்கே பழைய படங்களை ஸ்கான் பண்ணிச் சுத்தமாக்கி மீண்டும் புளூ-ரேயில் விடுகிற ஒரு கொம்பனி இருக்கிறது. படச்சுருளில் விழுந்த தூசியையும் கீறலையும் ஃப்ரேம் ஃப்ரேமாக எடுக்க ஆள் தேடினார்கள். முதல் படம் சரிவந்தால் அடுத்தடுத்த படங்களும் எங்களுக்கு. சரிவராவிட்டால் குகன் அண்ணை புதுப் பிரிவைப் பூட்டிவிட்டு அல்பத்துக்குத் திரும்புவார். நான் அப்பா சொன்னபடி வங்கிச் சோதனைக்குப் படிக்கவேண்டும்.

பௌதிகவியல் படித்துவிட்டு நான் அங்கே போய்ச் சேர்ந்ததே இந்தப் படத்துக்காகத்தான். இத்தாலிக்காரர் இந்த வகைக் கொலைப் படங்களை ‘ஜாலோ’ என்பார்கள். மஞ்சள் என்று அர்த்தம். மலிவு மர்மக் கதைப் புத்தகங்களின் மஞ்சள் அட்டையால் வந்த பெயர். கறுத்த தோல் கையுறை, சிவப்பு வெளிச்சம், வழுக்கும் மாபிள் படிகள், கடைசி நிமிடம்வரை தெரியாத கொலைகாரர். எனக்கு இதெல்லாம் என்றால் சாப்பாடு தேவையில்லை.

ஆனால் எங்களுக்கு அது படமாக வரவில்லை. சத்தமில்லாமல், துண்டு துண்டாக, ஒழுங்கு மாறி வந்தது. சத்தமும் ஆங்கில எழுத்தும் கடைசிச் செக்கிங்குக்குத்தான் வந்து சேர்ந்தன. குகன் அண்ணை அதைக் கலியாண வீடியோவைப் பிரிக்கிற மாதிரியே பிரித்தார். எங்கள் ஊர் ஸ்டூடியோக்களில் பொம்பிளையின், அதாவது மணப்பெண்ணின், ஷொட் எல்லாம் ஒரே ஆளிடம்தான் போகும். முகத்துக்கு ஒரு நிறம், கைக்கு ஒரு நிறம் வந்தால் பொம்பிளை வீட்டார் விடமாட்டார்கள். அதனால் கதாநாயகி வருகிற ஷொட் எல்லாம் ரிஸ்னா அக்காவுக்கு. கையுறை போட்ட கொலைகாரக் கை வருகிற ஷொட் எல்லாம் எனக்கு.

ரிஸ்னா அக்கா புத்தளத்தில் வளர்ந்து, குடும்பத்தோடு யாழ்ப்பாணம் திரும்பி வந்தவர். பருவை எடுத்த இடம் தெரியாமல் எடுப்பார். வியர்வை, மச்சம், நுளம்பு கடித்த தடிப்பு, தாலி கட்டும் நேரத்தில் கையில் பட்ட சந்தனம், எதுவும் அவரிடம் தப்பாது. ‘கறை, புள்ளி, கீறல் எல்லாம் எடுக்கவும்’ என்று இத்தாலிக்காரர் கேட்டிருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார், கதாநாயகியின் மணிக்கட்டில் இருந்த தழும்பையும்.

என்னிடம் வந்த ஷொட்டுகளில் கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் ஒரு சூட்டுத் தழும்பு தெரிந்தது. கையுறை போட்ட கைக்கு அழகு எதற்கு? அப்படியே விட்டுவிட்டேன். கையுறைக்காரியும் கதாநாயகியும் ஒரே ஆள் என்று காட்டப்போவது அந்தத் தழும்புதான் என்று எங்களுக்கு ஆர் சொன்னது?

3. சாக்கொண்டது ஆர்?

குகன் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிழவர் கதிரையில் விழுவதை அவரும் பார்த்தார்.

“பிள்ளை, எங்கடை படத்தின்படி ஆர் கொலைகாரி?”

“ஒருத்தருமில்லை அண்ணை.”

“அப்ப உவ்வளவு பேரையும் சாக்கொண்டது ஆர்?”

ரிஸ்னா அக்கா எழும்பி வந்து பார்த்தார். “வெள்ளைப் பூவும் மெழுகுதிரியுமாக் கிடந்தது. மோதிரம் போட்ட கை வேறை. கலியாண வீடெண்டெல்லோ நினைச்சன்.”

“அக்கா, அது செத்தவீடு.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். குகன் அண்ணைக்கும் தொற்றியது. மூன்று பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தோம். பிறகுதான் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். இத்தாலிக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்ப முதல் படம் அங்கே போய்ச்சேர வேண்டும்.

மூல ஸ்கான் பத்திரமாக இருந்தது. நாங்கள் கைவைத்தது பிரதியில். மணிக்கட்டுத் துண்டை மட்டும் மூலத்திலிருந்து எடுத்து ஒட்டலாம். ஆனால் தழும்போடு பழைய கீறல்களும் தூசியும் கூடவே வரும். தழும்பைத் தொடாமல் அவற்றை மட்டும் எடுக்கவேண்டும். கை தெரிகிற ஷொட்டுகளை நான் தேடித் தேடி இலக்கம் சொல்ல, ரிஸ்னா அக்கா ஒட்டினார். தான் அழித்த தழும்பை ஒவ்வொரு ஃப்ரேமாகத் திரும்பக் கொண்டுவந்தார். அவர் அவ்வளவு வேகமாக வேலைசெய்து நான் பார்த்ததில்லை. கீழே புடவைக் கடையில் பாட்டுப் போட்டிருந்தார்கள். அந்தத் தாளத்துக்கே கை போனது.

4. கோப்பி ஊற்றுகிற ஷொட்

கடைசியாக ஒரு ஷொட் மிச்சமிருந்தது. காலைச் சாப்பாட்டு மேசையில் அவள் கோப்பி ஊற்றுகிறாள், சட்டைக் கை நழுவுகிறது, மணிக்கட்டு பளிச்சென்று தெரிகிறது. மூல ஸ்கானைத் திறந்தோம். அதிலும் தழும்பு இல்லை.

ரிஸ்னா அக்கா மௌஸில் இருந்து கையை எடுத்துவிட்டார். “இது நான் அழிச்சதில்லை. அல்லாவாணை, இல்லை.”

அழித்தது அவரில்லைத்தான். படம் எடுத்த அன்றைக்கு ஒப்பனைக்காரர் தழும்பு வைக்க மறந்திருக்கிறார். அவ்வளவு காலத்துக்கு முந்திய, அவ்வளவு தூரத்து மறதி ஒன்று எங்கள் மேசைக்கு வந்திருந்தது. சந்தோசத்தில் எனக்குக் குதிக்கவேண்டும் போல இருந்தது. குகன் அண்ணைக்கு அப்படி இருக்கவில்லை.

“ஒண்டை வைச்சு விடு ரிஸ்னா. நீ வைச்சா அந்த மனிசியைப் பெத்த தாய்க்கும் தெரியாது.”

அது எங்களுடைய வேலையில்லை என்று நான் வாதாடினேன். பார்க்கிறவர்கள் நாங்கள்தான் அழித்தோம் என்று நினைப்பார்கள், படமும் போகும் பேரும் போகும் என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தழும்பை வைத்தால் பிரச்சினை முடிந்தது. வைக்காவிட்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவேண்டி வரும்.

ரிஸ்னா அக்கா கதிரையைத் திருப்பினார். “அண்ணை, மற்றதுகளை அழிச்சது நான். அதை நானே சொல்லுறன். இதிலை இல்லாததை வைச்சிட்டு, நாளைக்கு ஆரும் கேட்டா என்னத்தைச் சொல்லுறது?”

குகன் அண்ணை தன்னுடைய கதிரையை இழுத்து எங்களுக்கு நடுவில் போட்டார். பிறகு, “இத்தாலிக்கு வீடியோ கோலை எடு பிள்ளை” என்றார்.

திரையில் வந்தது இத்தாலிக் கொம்பனியின் தொழில்நுட்பப் பொறுப்பாளர், நரைத்த கட்டைமயிர் அம்மா ஒருவர். ரிஸ்னா அக்கா தமிழில் சொல்ல, நான் ஆங்கிலமாக்கினேன். பொம்பிளை, சந்தனம், செத்தவீடு, ஒன்றையும் ஒளிக்கவில்லை. அந்த அம்மா முகத்தை அசைக்காமல் கேட்டார். கோப்பி ஷொட்டின் மூலத்தைக் காட்டச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி ஆரையோ கூப்பிட, ஒரு மனிதர் ஓடிவந்து திரையைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். அந்த அம்மாவும் கத்தினார். குகன் அண்ணை என் காதுக்குள், “முடிஞ்சுது” என்றார்.

முடியவில்லை. அவர்கள் சந்தோசத்தில் கத்தினார்கள். பழைய பிரதிகளில் அந்த ஷொட் மங்கிக் கிடந்ததாம். தழும்பு இருக்கிறதா இல்லையா என்று இருவருக்கும் தீராத சண்டையாம். இன்றைக்கு அந்த அம்மா வென்றுவிட்டார். ஷொட்டை அப்படியே விடச் சொன்னார். திருத்திய படத்தைப் பார்த்தபிறகுதான் அடுத்த படத்தைப் பற்றிக் கதைப்பேன் என்று கண்டிப்பாகவும் சொன்னார். கோலை வைக்கப் போகையில், தன்னுடைய கலியாண வீடியோவை அனுப்பினால் ரிஸ்னா அழகாக்கித் தருவாவா என்று கேட்டார்.

அடுத்த படம் வந்தது. கலியாண வீடியோவும் வந்தது.

5. மேலேயா, உள்ளேயா

அன்றிலிருந்து ஒரு ஃப்ரேமைத் தொட முதல் எல்லோரும் ஒன்றாக இருந்து படத்தை முடிவுவரை பார்க்கிறோம். படிக்கவேண்டியது ஒன்றுதான். படத்தின் மேல் விழுந்தது எங்கள் வேலை. படத்துக்குள் இருப்பது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் எங்களுடையதில்லை. சொல்ல லேசு, ஆனால் கை கேட்காது.

போன கிழமை ரிஸ்னா அக்கா என்னைக் கூப்பிட்டார். புதுப் படத்தில் ஒரு நீதிபதி தீர்ப்பு வாசிக்கிறார், அவருடைய கொலரில் ஒரு கறுத்த புள்ளி.

“தூசியோ?”

அடுத்த ஃப்ரேமுக்குப் போங்கள் என்றேன். தூசி என்றால் ஒரு ஃப்ரேமோடு போய்விடும். இது போகவில்லை. கொலரில் இருந்து கழுத்துக்கு வந்தது, கொஞ்சம் நின்றது, காதுப் பக்கம் ஏறியது.

“இலையான்” என்றார் ரிஸ்னா அக்கா. படம் எடுத்த அன்றைக்கு அங்கே பறந்த ஈ. மௌஸில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நீதிபதி தூக்குத் தண்டனை வாசித்து முடிக்கும்வரை அது அவருடைய முகமெல்லாம் நடந்து திரிந்தது. நாங்கள் இருவரும் அதை நடக்கவிட்டோம்.