இரண்டு வண்டிக்கு நடுவில் ஒரு கொக்கி

முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு ட்ரெய்லர், இரண்டையும் பிடித்துக்கொள்ள நடுவில் ஒரு கொக்கி; அந்தக் கொக்கியை விற்பதுதான் என் தொழில். யாங்கூனில், அதுதான் பழைய ரங்கூனில், பபேடான் பக்கம் ஒரு நெரிசலான தெருவில் கடை. கல்லாவுக்கும் கேள்விகளுக்கும் நான், ஸ்டெல்லா. மாட்டிக் கொடுக்கிற வேலை, தாகேட்டா பேட்டையில் எங்கள் கொட்டகையில் இருக்கும் கோ துன்னுடையது. இங்கே மரியாதைக்கு ஆண் பெயருக்கு முன்னால் கோ, ஊ என்றும், பெண் பெயருக்கு முன்னால் மா, டோ என்றும் சேர்ப்பார்கள். கோ துன் வெல்டிங் வேலைக்காரர், அதிகம் பேசமாட்டார். முன்பெல்லாம் ஜெனரேட்டர் இழுக்கிறவர்களும் சாப்பாட்டு வண்டிக்காரர்களும்தான் வருவார்கள். இப்போது ஜப்பானிலிருந்து வந்த பழைய பயண ட்ரெய்லரை, அதுதான் படுக்கையும் அடுப்பும் வைத்த சக்கர வீட்டை, வாங்கிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்புகிறவர்களும் வருகிறார்கள். நீங்களும் ஏதோ ஒரு கடையில் நிற்கிறவர் என்றால், "இதுல என்ன இருக்கு, ஏதாவது ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறவரைப் பார்த்ததும் என்ன தோன்றும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எடை எவ்வளவு?

ஊ தாமஸ் எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர். ஓய்வுபெற்ற பிறகு ஒரு பயண ட்ரெய்லர் வாங்கியிருந்தார். கடைக்குள் வந்ததும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, ஆம்பிளைங்க யாரும் இல்லையா என்று கேட்டார். நான்தான் ஆம்பிளை, உட்காருங்க என்றேன். ட்ரெய்லர் எடை என்ன என்று கேட்டதும், அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டைப் படம் எடுத்து வந்ததாகப் பெருமையாகக் காட்டினார். அது காலி வண்டியின் எடை. சாமான் ஏற்றினால் எவ்வளவு என்றால், "ரெண்டு துணிப்பைதான்" என்றார்.

கொக்கியை ஏற்றின எடைக்குத்தான் எடுக்கவேண்டும். அதனால் பயணத்துக்குப் போகிற மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பழைய இரும்புக் கிடங்கில் லாரி நிறுக்கிற எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். முனகிக்கொண்டே போனார். மறுநாள் சீட்டோடு வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. அவர் கேட்டு வந்த கொக்கியைப்போல இரண்டு மடங்கு வலுவானது தேவைப்பட்டது. அப்படி என்ன ஏற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "வண்டி கனமே இல்ல தங்கச்சி. எங்க வீட்டுக்காரி அரைக்கிற கல்லைத் தூக்கி உள்ள வெச்சிருக்கா."

அந்தச் சத்தம்

கொக்கியின் நுனியில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். ட்ரெய்லரின் மூக்கில் ஒரு கிண்ணம் இருக்கும். கிண்ணம் உருண்டையின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். இரண்டின் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். தொழிலில் பாதி ரகசியம் இவ்வளவுதான், இலவசமாகவே சொல்லிவிட்டேன்.

ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற செல்வம், வேறு எங்கோ ஓர் உருண்டை வாங்கி அவரே முடுக்கிக்கொண்டு வந்தார். கிண்ணத்தைவிட அது ஒரு நூல் சின்னது. சொன்னால் ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டியதும் 'டக்'கென்று சத்தம் கேட்கிறது, பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று வாதம் செய்தார். வண்டியைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கோ துன்னிடம் காட்டினேன். அவர் ட்ரெய்லரின் மூக்குக்குக் கீழே ஜாக்கியை வைத்து மெதுவாக ஏற்றினார். சரியாகப் பிடித்திருந்தால் காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பவேண்டும். கார் அசையவில்லை. மறுபடியும் அதே 'டக்'. மூக்கு மட்டும் தனியாக மேலே வந்துவிட்டது. மூன்று மாதமாக அப்படியே ஊரெல்லாம் இழுத்திருக்கிறார். செல்வம் குனிந்து கிண்ணத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ நான் இத்தனை நாளா கேட்டது, மாட்டின சத்தமா, கழண்ட சத்தமாக்கா?" என்றார்.

பந்து வாங்க வந்தவர்

ஒருவர் தன் மனைவிக்குப் போன் செய்து, வரும்போது இரண்டு அங்குலப் பந்து ஒன்று வாங்கிவா என்று சொல்லியிருக்கிறார். எதற்கு என்று சொல்லவில்லை. அந்தம்மா வெயிலில் மூன்று விளையாட்டுச் சாமான் கடை ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் யாரோ கைகாட்ட எங்களிடம் வந்தார். எங்கள் தொழிலில் பந்து என்றால் அந்தக் கொக்கி உருண்டைதான்; நான் எடுத்துக் கொடுத்த இரும்பு உருண்டையின் கனத்தில் அவர் கை ஒரு முறை கீழே போய் வந்தது. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பிங்பாங் பந்து கொஞ்சம் சின்னதா இருக்கும், பரவாயில்லையான்னு மூணாவது கடையில கேட்டாங்க. நானும் பரவாயில்லன்னு சொல்ல இருந்தேன்."

டாலாவுக்குப் போன தண்ணீர்

வெயில் காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் குளங்கள் வற்றிவிடும். இங்கிருந்து பலர் குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். முருகன், தமிழ்நாட்டிலிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்த குடும்பத்தின் நான்காம் தலைமுறை. கோயில் நண்பர்களோடு சேர்ந்து ட்ரெய்லரில் ஒரு தொட்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். தொட்டியை வண்டியின் கடைக்கோடியில் வைத்திருந்தார்கள். குழாய் பின்னால் இருந்தால் சனங்கள் பிடிக்க வசதியாம். பாரமெல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் போனால் மூக்கு லேசாகிவிடும், ஓடும்போது ட்ரெய்லர் வாலாட்டும், தொட்டியை முன்னால் தள்ளுங்கள் என்று சொன்னேன். எவ்வளவு நல்ல கொக்கி போட்டாலும் இதை அது சரிசெய்யாது என்றும் சொன்னேன். நேரமாகிவிட்டது, நாளைக்குத் தள்ளிக்கொள்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

துவான்டே வழியாகச் சுற்றிப் போகும்போது, கொஞ்சம் வேகம் பிடித்ததுமே ட்ரெய்லர் இடமும் வலமும் ஆட, கார் ரோட்டை விட்டு வயலோரம் போய் நின்றிருக்கிறது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. மெதுவாகத் திருப்பிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கே வந்துவிட்டார்கள். கோ துன் தொட்டியை முன்னால் நகர்த்தி, உள்ளே தண்ணீர் அலம்பாமல் தடுப்புத் தகடும் வைத்துக் கொடுத்தார். குழாயை ஒரு நீளக் குழலால் பின்னுக்கு இழுத்துவிட்டார். அன்று சாயங்காலமே டாலாவுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. முருகன் போனில் சொன்னார்: "காலையில நான் ஓட்டலக்கா, தண்ணிதான் ஓட்டுச்சு. நான் சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

சங்கிலி

இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. தப்பு என்னுடையது.

டோ கின் ஏ என்ற அம்மா ட்ரெய்லரில் மொஹிங்கா, அதுதான் மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், விற்கிறார். புதுக் கொக்கி மாட்ட வந்தவர், எல்லாவற்றுக்கும் சரி என்றார். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் பார்த்ததும் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். கழலும் என்று நினைத்துச் சங்கிலி போட்டால் கட்டாயம் கழலும், அது அபசகுனம் என்பது அவர் கட்சி. அரைமணி நேரம் மன்றாடினேன். கடைசியில், அதில் மல்லிகைச் சரம் சுற்றிக்கொள்ளுங்கள், அலங்காரம் மாதிரி இருக்கும் என்றதும் இறங்கி வந்தார். சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி, பூவும் சுற்றினோம். அவருடைய மருமகன் ஓட்ட, இருவரும் கிளம்பினார்கள்.

அரைமணியில் மருமகனின் போன். பாலத்தில் ஏறும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி எழுந்ததும் மூக்கு கழன்றுவிட்டது. சங்கிலிகள் தாங்கிப் பிடித்ததால் மூக்கு தரையில் குத்தவில்லை, ட்ரெய்லரும் காரைவிட்டுப் போகவில்லை. பின்னால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளிக்கூட வேன் வந்துகொண்டிருந்தது. டாக்ஸி பிடித்து ஓடினேன். எப்படிக் கழன்றது என்று யோசித்துக்கொண்டே பையில் கைவிட்டபோது, விரலில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. கிண்ணத்தின் பூட்டு திறந்துவிடாமல் இருக்கக் குத்தவேண்டிய பின். வாதம் செய்த மும்முரத்தில் குத்த மறந்திருக்கிறேன். கோ துன் நான் குத்தியதாக நினைத்திருக்கிறார்.

பாலத்தில் அந்தக் குழந்தைகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னை டோ கின் ஏயிடம் நீட்டி, என் தப்புதான் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் பின்னை நானே குத்தி, இழுத்துப் பார்த்து, கோ துன்னையும் இழுத்துப் பார்க்கச் சொல்லித்தான் வண்டியை விடுகிறேன். அந்தம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பின்னைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், நசுங்காமல் இருந்த பூவைப் பார்த்தார். பிறகு ரொம்ப நிதானமாகச் சொன்னார்: "சங்கிலி போட்டா கழலும்னு சொன்னேன். கழண்டுச்சா இல்லையா?"

விற்காத கொக்கி

கியாக்டடாவில் ஆபீஸ் வைத்திருக்கிற ஒருவர், ஒரு குட்டிக் காரின் பின்னால் பெரிய பயண ட்ரெய்லரை மாட்டி சௌந்தா கடற்கரைக்குப் போகவேண்டும் என்று வந்தார். கொக்கி தாங்கும், கார் தாங்காது, பிரேக் பிடித்தால் ட்ரெய்லர்தான் காரைத் தள்ளிக்கொண்டு போகும் என்றேன். விற்கமாட்டேன் என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி வழியில் பார்த்துச் சிரித்தார். என்ன ஆயிற்று என்று பயந்துகொண்டே கேட்டேன். ட்ரெய்லர் அவர்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறதாம். வீட்டில் மின்சாரம் போனால் எல்லோரும் அதில் போய்ப் படுத்துக்கொள்கிறார்களாம், அதில் பேட்டரி ஃபேன் இருக்கிறது. "வாரத்துல நாலு நாள் டூர்தான் மா ஸ்டெல்லா," என்றார், "கடல் மட்டும்தான் இல்ல."

இப்படி ஊரார் வண்டியையெல்லாம் கழலாமல் மாட்டிக் கொடுக்கிற எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது என்பதால்தான், தினமும் கடைப் பக்கத்தில் இருக்கும் சூலே வரைக்கும் பஸ் கம்பியில் தொங்கிக்கொண்டு வரும்போது, என்னை இந்தக் கம்பியில் யார் சரிபார்த்து மாட்டினார்கள் என்று யோசித்துக்கொள்கிறேன்.