ரோட்டில் என் பாடு

2019ஆம் ஆண்டு டிசம்பர் 5, வியாழக்கிழமை, காலை 8 மணி 40 நிமிடம். ஒன்பது நாள் விடாமல் பெய்த மழை முந்தின நாள்தான் ஓய்ந்திருந்தது. வானத்தில் மூன்றே மேகங்கள், மூன்றும் கடல் பக்கம். வாடைக்காற்று லேசாக வீசியது. வீட்டு வாசலில் அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுக் கிளம்பிய என் கார் முந்நூற்றுப் பன்னிரண்டு தப்படி தூரம் போயிருந்தது. பானட்டுக்குள் 'பட்' என்று பலூன் வெடித்தது போல ஒரு சத்தம். இழுவை போய், இரண்டு குலுக்கல் குலுக்கி, வண்டி நடு ரோட்டில் நின்றது.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் படகு மெக்கானிக். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் படகுகளின் என்ஜின்களைப் பார்ப்பவர். அவர் இறங்கி பானட்டைத் தூக்கினார்.

"எட்டாவதுதான் சார்," என்றார்.

அது என்ன எட்டாவது என்பதைச் சொல்ல, நாற்பத்தேழு நாள் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் இருப்பது ஏரிப் பாலத்துக்குக் கடல் பக்கம். டச்சுக் கல்லறை, கடைத்தெரு, பஸ் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். என் மனைவியின் தங்கை ஆரம்பாக்கத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தாள். வாரம் ஒரு முறை அவளைப் பார்க்க மனைவியைக் காரில் அழைத்துப் போவேன். பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். மனைவியின் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது. அக்டோபர் 19 அன்று, மழைத் தூறலில், என் பதினெட்டு வயதுக் கார் பாலத்தின் ஏற்றத்தில் பாதியில் மூச்சு வாங்கி நின்று, பதினோரு அடி பின்னால் சறுக்கியது. மீன் கூடையோடு வந்த ஐந்து பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். "வாத்தியாரே, வண்டிக்கு ஒரு டீ வாங்கிக் குடு, தானா ஏறும்," என்றாள் ஒருத்தி. மனைவி அதற்குள் இறங்கி நனைந்துகொண்டே நடக்க ஆரம்பித்திருந்தாள். வீட்டுக்கு வந்து ஒரே வாக்கியம் சொன்னாள்: "ஊரு கூடித் தள்ற வண்டியில இனிமே நான் ஏற மாட்டேன்."

ஏறவில்லை. தங்கையையும் பார்க்கவில்லை. நாற்பத்தேழு நாள் ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், நான்கு ஜன்னல், மழை. அவள் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. தங்கையோடு போனில் பேசிவிட்டு, போனைத் துடைத்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்தச் சுவருக்கும் எனக்கும் நடுவில் ஒளிய இடம் இல்லை.

கிளட்சை மாற்றினாலே போதும் என்று பொன்னேரியில் ஒருவர் சொன்னார். நான் கேட்கவில்லை. நாற்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குப் பாதி விடையில் திருப்தி வராது. சூப்பர்சார்ஜர் பற்றிப் படித்தேன். என்ஜின் தன் பெல்ட்டாலேயே சுழற்றும் காற்றூதி அது. கூடுதல் காற்றைத் திணித்தால் கூடுதல் பெட்ரோல் எரியும், வண்டி கூடுதலாக இழுக்கும். சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் தெருவில், வெளிநாட்டுச் சின்னக் கார் ஒன்றிலிருந்து கழற்றியது கிடைத்தது. எடை ஒன்பது கிலோ.

வீட்டை ஒட்டிய கொட்டகையில், தார்ப்பாய்க்குக் கீழே, பதினான்கு நாள் வேலை. இரும்புத் தகட்டில் தாங்கி செய்து போல்ட் போட்டோம், ஆறு போல்ட். பெல்ட்டுக்கு அளவெடுக்க நான் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, மெக்கானிக் வலைக்கயிறு ஒன்றைக் கப்பிகளைச் சுற்றி ஓட்டி, முழத்தால் அளந்து முடித்துவிட்டார். நான் டேப்பால் சரிபார்த்தேன். மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். என்ஜின் பழசு என்பதால் நான்கு பவுண்டு அழுத்தத்துக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்து, மீட்டர் ஒன்றை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பொருத்தினோம். ஷாம்பு பாக்கெட்டைக் கரைத்துக் காற்றுக் குழாய் இணைப்புகளில் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தோம். எங்கும் வரவில்லை.

இணைப்புகள் எட்டு. அவற்றை இறுக்கும் கிளாம்ப்கள் ஏழு. எண்ணாமல் விடுவேனா?

"எட்டாவதுக்கு நைலான் கயிறு போட்டு நம்ம முடிச்சுப் போட்ருக்கேன் சார். வலையில போடுற முடிச்சு. கடல்லயே அவுராது."

மழையில் ஒரு கிளாம்ப்புக்காகப் பொன்னேரி போய்வர இன்னொரு நாள் ஆகும். நான் தலையாட்டினேன். தப்பு எங்கள் இருவருடையது.

இப்போது அவர் கையில் அந்தக் கயிறு இருந்தது. முடிச்சு அவிழவில்லை. கயிறுதான் சூட்டில் இளகி நீண்டு, குழாய் கழன்றிருந்தது.

"கடல்ல ஏது சார் இந்தச் சூடு?" என்று என்னையே கேட்டார். பிறகு, பட்டறையில் பழைய கிளாம்ப் ஒன்று கிடக்கும், எடுத்து வருகிறேன் என்று பானட்டை மூடிவிட்டு நடந்தார்.

அவர் போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வீடுகளிலிருந்து பெண்கள் கூடைகளோடு வந்தார்கள். ஒன்பது நாளாக வெயில் காணாமல் உப்புப் போட்டு வைத்திருந்த கூனி, அதாவது பொடி இறால். ரோட்டை விளக்குமாற்றால் பெருக்கி, ஓரம் முதல் ஓரம் வரை பரப்பத் தொடங்கினார்கள். வண்டிக்கு முன்னால் நூற்று நாற்பது தப்படி. பின்னால் அதைவிட அதிகம். ரோடு காய்ந்துவிட்டது, சோதனை ஓட்டத்துக்கு நல்ல நாள் என்றுதான் நான் கிளம்பியிருந்தேன். ரோடு காய்ந்தது எனக்கு மட்டுமல்ல என்பது எனக்குத் தோன்றவில்லை.

முன்னால் நின்றவள் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவள். கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டாதவள். இப்போது பேரன் எடுத்துவிட்டாள்.

"சார், வண்டிய ஓரங்கட்டு சார்."

"எங்கம்மா ஓரம்? ரெண்டு பக்கமும் தண்ணி."

"அப்ப அங்கியே குந்து. இன்னிக்கு ரோடு எங்க பாடு. உன் பாடு சாயங்காலம்."

ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரிப்பதற்கு எங்கள் பக்கத்தில் பாடு என்று பெயர். ரோட்டுக்கும் அப்படி ஒரு பாடு உண்டு என்பது எனக்கு அறுபத்தொன்பது வயதில் தெரிந்தது.

அவள் பானட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். "அடுப்பு மாதிரி கீதுடி!" என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள். பழைய புடவை ஒன்று பானட்டின் மேல் விரிந்தது, இன்னொன்று கூரையின் மேல். இரண்டிலும் கூனி. "காக்கா வந்தா ஆரன் அடி சார், சும்மாதானே குந்தினுகீறே?"

மெக்கானிக் கிளாம்ப்போடு திரும்பி வந்து தூரத்திலேயே நின்றார். பானட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "நாலு மணிக்கு வரேன் சார்."

இறங்கிப் போயிருக்கலாம். தார் முடியும் இடத்தில் ஒரு அடி மண் வழி இருந்தது. ஆனால் நான் இல்லாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து வண்டியைத் தண்ணீரோரம் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். இதையெல்லாம் வண்டியில் மாட்ட அனுமதி உண்டா, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வேறு. கண்ணாடியை ஏற்றினால் வெந்துபோனேன், இறக்கினால் ஈ. முன் கண்ணாடியின் அடிப்பாதியைப் புடவை மறைத்திருந்தது. மேல் பாதியில் பாலம் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்குள் முப்பத்தொரு முறை ஹாரன் அடித்தேன். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தி, "சபாஷ் வாத்தியாரே!" என்றாள்.

12 மணி 50 நிமிடத்துக்கு ஓரத்து ஒரு அடி வழியில் மனைவி வந்தாள். கையில் டிபன் கேரியர். முட்டியைப் பிடித்துக்கொண்டு நான்கு இடத்தில் நின்றாள். ஜன்னல் வழியாகச் சாப்பாட்டை நீட்டிவிட்டு வெயிலில் நின்றாள். நிழலுக்கு ஒரு செடிகூட இல்லாத ரோடு.

"அக்கா, உள்ள குந்துக்கா, மயக்கம் வந்து எங்க கூனி மேல வுழுந்துடப் போறே," என்றாள் என் பழைய மாணவி.

மனைவி அவளைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். பின் கதவைத் திறந்து ஏறினாள். முன் இருக்கைக்கு வரவில்லை.

நான் சாப்பிட்டு முடித்ததும் கேரியரை வாங்கி மூடினாள். பிறகு, "இதுக்குத்தான் பதினாலு நாளா கொட்டாய்ல கெடந்தீங்களா?"

"ஒரு கிளாம்ப்தான் போச்சு."

"இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"பாலம் ஏறத்தான்."

"உங்களுக்கு இன்னா வேலை அந்தாண்ட?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நேத்து போன்ல பேசினா," என்றாள். "கால அசைக்கிறாளாம். எப்பக்கா வருவேன்னு கேட்டா. மழை விட்டதும்னேன்."

அப்போது பானட்டில் ஒரு காகம் இறங்கியது. நான் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து அவள் கை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே நீண்டு வந்து ஹாரனை அழுத்தியது. அது நாற்பத்து நான்காவது.

4 மணி 15 நிமிடத்துக்குக் கூனியை வாரிக்கொண்டார்கள். மெக்கானிக் கிளாம்ப்பை மாட்டி, ஸ்க்ரூவை முறுக்கி, என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எட்டுக்கு எட்டு. அவரிடம், இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மனைவி இறங்கி வீட்டுக்குப் போகட்டும் என்று பின் கதவைத் திறந்து பிடித்தேன்.

"மறுபடி எறங்கி ஏற முட்டி ஒத்துக்காது. ஓட்டுங்க."

பாலத்தின் அடியில் இரண்டாவது கியர். காற்றூதி கொசு போல ரீங்கரிக்க ஆரம்பித்தது. மீட்டரில் ஒன்று, இரண்டு, மூன்று. பதினோரு அடி சறுக்கிய இடத்தைக் கடந்தபோது நான் மூச்சு விடவில்லை. பின்னால் அவளும் விடவில்லை என்று நினைக்கிறேன். நான்கு. உச்சியில் இரண்டு பக்கமும் ஏரி.

"நிறுத்தாதீங்க," என்றாள். "ஆரம்பாக்கம் போங்க."

கல்லறையைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டிப் போனோம். ஆரம்பாக்கத்தில் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், படுக்கையிலிருந்த தங்கை, "இன்னாக்கா, கருவாட்டு வண்டியிலயா வந்தே?" என்று கேட்பதும், இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பதும் வாசல்வரை கேட்டது. நான் உள்ளே போகவில்லை. காரில் உட்கார்ந்து, முன் கண்ணாடியின் இடுக்கில் மாட்டியிருந்த கூனிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். இருபத்தாறு.

எட்டாவது கிளாம்ப்பையும் சேர்த்து, மொத்தச் செலவு ரூபாய் 61,440.