ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிய மதியம்

நாங்கள் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டு இன்ஜின் டிரைவர் இரவு வேலை முடிந்து பகலில்தான் தூங்குவார். அதனால், மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் என் கணவர், ஆம்ப்ளிஃபையரில் ஹெட்போனைச் செருகிக்கொண்டு எலக்ட்ரிக் கிட்டார் பழகுவார். சத்தம் அவர் காதுக்கு மட்டும்தான். கண்ணை மூடி ஒரு சிரிப்பு வேறு! என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததே இல்லை. எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மதியம் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. ஆத்திரத்தில் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினேன். பாட்டு நிற்கும் என்று பார்த்தால், ஸ்பீக்கர் வீடே அதிர அலறியது. டிரைவர் லுங்கியோடு ஓடிவந்து, "ஏனுங்க, ஊடு இடிஞ்சுருச்சுங்களா?" என்றார்.

இப்போதெல்லாம் நான் ஒயரைத் தொடுவதில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, "கரண்ட் போயிருச்சுங்க, சாப்பிட வாங்க" என்கிறேன்.