கங்குலி பாபுவின் ஹார்னும் காந்த எண்ணெயும்

ஸ்பீக்கர் ரிப்பேர்க் கடைக்கு யாரும் நல்ல சேதி சொல்ல வருவதில்லை. ஊமையாகிப்போன பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஏதோ நாம்தான் அதன் கழுத்தை நெரித்ததுபோல் முறைத்துக்கொண்டு வருவார்கள். ரேடியோ, டேப் ரிக்கார்டர் என்று எதையாவது திருகிப் பிழைக்கிற சக பாவிகளுக்கு இது புதிதல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் எனக்கு அப்படி ஒரு கடை இருந்தது.

மறுபடியும் அதே ஆள்

அலிப்பூர் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் கங்குலி பாபு. வீட்டில் பாட்டுக் கேட்க ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருந்தார். ஹார்ன் என்கிற அந்தப் புனலின் பின்னால் மாட்டுகிற காந்த டப்பாவுக்குப் பெயர் கம்ப்ரஷன் டிரைவர். உச்ச ஸ்தாயி முழுக்க அதிலிருந்துதான் வரும். அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் அவருக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. நானும் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

"கொஞ்சம் சத்தத்தைக் குறைத்து வையுங்களேன், பாபு" என்றேன் ஒருநாள். அவர் கோபப்படவில்லை. காது போய்க்கொண்டிருக்கிறது, மகள் மிதாலிக்கு ரேடியோவில் வயலின் வாசிக்க வாய்ப்பு வந்திருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு டிரைவரை என் பக்கம் தள்ளினார்.

"டாக்டர் கைவிரித்துவிட்டார், மணிபாபு. இனி உங்கள் கைதான்."

துறைமுக வாசலில்

எரியாத சுருள் செய்யாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். வெளிநாட்டு டிரைவர்களில் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கறுப்பு எண்ணெய் விடுகிறார்கள், அது சுருளின் சூட்டை இழுத்து இரும்புக்குக் கடத்திவிடும் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். என் மைத்துனன் சேகர் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். ஒரு சீசா வாங்கி வரும்படி அவனுக்கு எழுதினேன். அடுத்த முறை கப்பல் வந்தபோது கிடர்பூர் துறைமுகத்துக்கே போய் நின்றேன்.

சுங்க அதிகாரி அந்தக் குட்டிச் சீசாவை விடவில்லை. என்ன சரக்கு என்று மூன்று பாஷையில் விளக்கியும் நம்பவில்லை. கடைசியில் பையிலிருந்த காந்தத்தைச் சீசாவின் பக்கத்தில் வைத்தேன். உள்ளே எண்ணெய் பலாத்தோல் மாதிரி முள்முள்ளாக எழுந்து நின்றது. காந்தத்தை எடுத்ததும் படுத்துவிட்டது. அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் இங்கே மூடியைத் திறக்காதீர்கள்."

ஜலதோஷம்

எவ்வளவு விடவேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. என் சொந்த டிரைவரில் தாராளமாக விட்டேன். சுருள் அசைகிற காந்த இடுக்கு நிரம்பி வழிந்து, சத்தம் எழுப்பும் தகட்டில் ஏறிவிட்டது. பாட்டைப் போட்டால், போர்வைக்குள்ளிருந்து யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. துடைக்க எடுத்த துணி என் மனைவி ருக்மிணியின் புதுப் புடவை என்பது துடைத்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. புடவையை விரித்துப் பார்த்தாள், பாட்டையும் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"புடவை போகட்டும். பாடறவளுக்கு ஏன் இப்படி ஜலதோஷம் பிடிச்சிருக்கு?"

மிதாலியின் வயலின்

இடுக்கைச் சுத்தம் செய்து, ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். குறைத்தேன், கூட்டினேன், மறுபடியும் கழுவினேன். ஒருநாள் பகல் முழுக்கச் சத்தமாக ஓடவிட்டுக் காந்தத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. சூடு சுருளைவிட்டு வெளியே வருகிறது. சத்தமும் தெளிவாக இருந்தது. அதே அளவை கங்குலி பாபுவின் டிரைவரில் விட்டேன்.

நிகழ்ச்சி அன்று சாயங்காலம் நானே அலிப்பூரில் அவர் வீட்டுக்குப் போய் டிரைவரை மாட்டினேன். நல்லவேளை, கரண்ட் போகவில்லை. வயலின் தொடங்கியதும் அவர் குமிழைக் கடைசிவரை திருகினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கருகல் வாடை வருகிறதா என்று மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராகம் என்னவென்றுகூட என் மண்டையில் ஏறவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார். கேட்கிறதா இல்லையா என்று முகத்தில் எதுவும் தெரியவில்லை. விசாரிக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. வாசிப்பு முடிந்தது. சுருள் எரியவில்லை. அவர் கண்ணைத் திறந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேல் ஷட்ஜத்தில் மிதாலி ஒரு இழை சுருதி இறங்கினாள், கவனித்தீர்களா?"

எங்கள் தொழிலில் நன்றி என்பது, இன்னொருவர் செய்த பிழை வாடிக்கையாளர் காதில் துல்லியமாக விழுவதுதான்.