பாட்டுக்கு முன்னால் சொன்ன கதை

சண்டையால் இடம்பெயர்ந்து வந்து புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்த காலத்தில், அத்தானின் ஒலிபெருக்கிச் சாமான்களோடு கோயில் கோயிலாகத் திரிந்தேன். அத்தான் ஜெனரேற்றரைப் பார்ப்பார். நான் பாட்டுப் போடுவேன். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடியது. அந்தப் புகையும் சாம்பிராணியும் கலந்து மாலை வெயிலில் மிதக்கும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனிதர்கள் அந்தப் புகைக்குள் இருந்துதான் நடந்து வருகிறார்கள்.

எங்களிடம் இருந்தது ஒரேயொரு கசற் பிளேயர். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததைத் தேடிப் பிடிக்கும்வரை சனம் பொறுக்காது. அந்த நேரத்தை நிரப்பத்தான் மைக்கில் கதைக்கத் தொடங்கினேன். முதலில் பெரியாட்களின் வாழ்க்கை: கடல் கடந்த மாலுமி, மருந்து கண்டுபிடித்த விஞ்ஞானி, எங்கே பிறந்தார், என்ன பாடுபட்டார், ஐந்தாறு வசனத்தில். பிறகு பாட்டுகள் பிறந்த கதை. படித்து வைத்திருந்தவை இரண்டு திருவிழாவோடு தீர்ந்துபோயின. புத்தகங்களோ விட்டுவந்த வீட்டில். நானே கதை கட்டத் தொடங்கினேன். என் குரல் வயலுக்கு மேலால் போய்க் குளக்கட்டில் பட்டு, கொஞ்சம் பிந்தி என்னிடமே திரும்பி வரும். வேறு யாரோ சொல்வதுபோல் கேட்கும். அப்போது அது உண்மையாகவே இருக்கும்.

ஒரு பின்னேரம் தாலாட்டு ஒன்றைப் போடுமுன் சொன்னேன்: "இதை எழுதின கவிஞரின்ர மூன்று வயது மகள் காய்ச்சலில செத்துப்போனா. மகளுக்குத் தொட்டிலாக் கட்டின ஏணைச் சேலையை அவர் அவிழ்க்கேல்லை. வெறும் ஏணையை ஆட்டி ஆட்டித்தான் இதை எழுதினவர்."

பாட்டு முடிய ஒரு பெண் மேசையடிக்கு வந்தா. மலையகத்திலிருந்து வந்து குளத்துக்கு அந்தப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்த குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"ஐயா, அவரு அந்தச் சேலய எப்ப அவுத்தாருங்க?"

"தெரியாது அக்கா. பார்த்துச் சொல்லுறன்."

"கேட்டுச் சொல்லுங்க. எங்க வீட்ல இன்னும் அவுக்கல. மலேரியாவுல போயிருச்சு. மூணு வயசுதான்."

அடுத்தநாள் காலை விசாரித்துக்கொண்டு சைக்கிளில் போனேன். ஒற்றை அறை மண்வீடு. கூரையின் நடு வளையில் நீலச் சேலை ஏணையாகத் தொங்கியது. புருஷன் மண்வெட்டியோடு வெளியே வரும்போது, பழகிப்போனவராக, அதற்குக் கீழே குனிந்து வந்தார். காற்றுக்கு அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்தக் கதை நான் கட்டினது. அப்பிடி ஒராள் இல்லை."

ஏச்சு விழும் என்று நின்றேன்.

"அப்ப அந்தப் புள்ள சாகலீங்களா?"

"அப்பிடியொரு பிள்ளையே இல்லை அக்கா."

"நல்லதுங்க," என்றா. பெரிய மூச்சொன்று விட்டா. "ராத்திரியெல்லாம் அதயே நெனச்சுக்கிட்டிருந்தேன்." பிறகு உள்ளே போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தா. குடித்து முடியும்வரை என்னால் நிமிர முடியவில்லை.

அதற்குப் பிறகு தெரியாத பாட்டுக்குத் தெரியாது என்றே மைக்கில் சொன்னேன். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த வருசத் திருவிழாவுக்கு அவ திரும்ப வந்தா.

"பெரிய ஆளுங்க கதையெல்லாம் சொல்றீங்க. எம்புள்ள கதயச் சொல்லுவீங்களா?"

அவ சொல்லச் சொல்லக் கேட்டு, ஒன்றும் கூட்டாமல் மைக்கில் சொன்னேன். பெயரைச் சொன்னேன். மாரி மழைக்குள் பிறந்தவள். மயில் அகவினால் பயப்படுவாள். கொக்கைக் கண்டால் கைகாட்டிச் சிரிப்பாள். மூன்று வருசம் இருந்தாள். அந்தப் பெயர் வயலைக் கடந்து போய்க் குளக்கட்டில் பட்டுத் திரும்பி வந்தபோது, அவ கண்ணை மூடிக்கொண்டு நின்றா.

கோயில் தலைவர் ஓடி வந்தார். "ஆர் தம்பி இப்ப சொன்ன பெரியாள்? எந்த நாட்டுக்காரி?"

"இந்த ஊர்தான் ஐயா," என்றேன்.

என்ன பாட்டுப் போடுவது என்று தெரியாமல் அவவையே கேட்டேன்.

"சந்தோசமா ஏதாச்சும் போடுங்க."

துள்ளல் பாட்டொன்றைப் போட்டேன். பெடியள் விசிலடித்தார்கள். அவ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுண்டல் வாங்க வரிசையில் போய் நின்றா.