வாக்கில்லாத சங்கம்

யாழ்ப்பாணத்தில் வலைப்பந்து ஆடிய காலத்தில் தேசிய சம்மேளனம் என்பது எனக்குச் சான்றிதழின் மேல் இருந்த ஒரு முத்திரை மட்டும்தான். கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்து, பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் மாவட்டச் சங்கம் என்னைச் சம்மேளனச் சபையில் தன் பிரதிநிதியாக இருக்கச் சொன்னது. போரால் யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடிக் கிடந்தது. அங்கிருந்து ஒருவர் கூட்டத்துக்கு வருவதென்றால் பாஸ், கப்பல், பொலிஸ் பதிவு என்று எத்தனையோ அலைச்சல். கொழும்பில் இருக்கிறவள் என்பதே என் தகுதி.

சபையில் எனக்குப் பக்கத்தில் கொட்டாஞ்சேனைக்காரி ஒருத்தி உட்காருவாள். நடுவர்கள் சங்கத்தின் பிரதிநிதி அவள். சிங்களம் அவளுக்குத் தாய்மொழி போல. எனக்கோ கடையில் சாமான் வாங்கும் அளவுதான். கூட்டம் சிங்களத்தில் நடக்க, அவள் குனிந்து என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஓர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் யாப்புத் திருத்தம் ஒன்று வந்தது. தேசியப் போட்டிக்குத் தொடர்ந்து இரண்டு முறை அணி அனுப்பாத மாவட்டச் சங்கம் அங்கத்துவத்தை இழக்கும். பெயருக்கு மட்டும் இருக்கும் சங்கங்கள் தேர்தல் நேரத்தில் வந்து வாக்குப் போட்டுவிட்டுப் போவதைத் தடுக்கத்தான் அது. அந்த நியாயம் எனக்கும் விளங்கியது. ஆனால் எங்கள் பிள்ளைகள் விருப்பமில்லாமல் வராமல் இருக்கவில்லை. எழுந்து ஆங்கிலத்தில் அதைச் சொல்லி, போர் நடக்கும் மாவட்டங்களுக்கு விலக்குக் கேட்டேன். தலைவி மரியாதையானவர். உங்கள் மாவட்டத்துக்கு எதிராக இங்கே யாரும் இல்லை, சமாதானம் வந்ததும் திரும்பச் சேரலாம் என்றார். விலக்குக்காக நானும் கொட்டாஞ்சேனைக்காரியும் இன்னும் இரண்டொருவரும் கை உயர்த்தினோம். மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருத்தம் நிறைவேறியது, எங்கள் சங்கத்தின் அங்கத்துவமும் போனது.

அந்தச் செய்தி ஊருக்குப் போய்ச் சேருமுன்பே, தேசிய அணித் தெரிவுக்கென்று அங்கிருந்து ஒரு பெண் புறப்பட்டு வந்துவிட்டாள். நெடுநெடுவென்ற உயரம். எங்கள் மாவட்டத்தில் அவளைப்போல் வளையத்துக்குப் பந்து போட வேறு ஆளில்லை. கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு. என் வீட்டில்தான் தங்கினாள்.

மைதானத்தில் சம்மேளனச் செயலாளர் அவளைச் சேர்க்க முடியாது என்றார். பிறகு மனமிரங்கி, கொழும்பு மாவட்டத்தின் பெயரில் பதியலாமே என்று ஒரு வழி சொன்னார். அவள் தயங்கினாள்.

"எங்கட சங்கத்துக்கு நான் என்ன சொல்லுறது, அக்கா?"

நான் வாய் திறக்குமுன் கொட்டாஞ்சேனைக்காரி, "முதல்ல விளையாடு தங்கச்சி, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்றாள்.

அவள் ஒத்துக்கொண்டபின்தான் செயலாளருக்கு அடுத்த விதி ஞாபகம் வந்தது. மாவட்டம் மாறுவதற்குப் பழைய மாவட்டச் சங்கம் சம்மதிக்க வேண்டும். அந்தச் சங்கம் சம்மேளனத்தில் அங்கத்துவம் உள்ளதாக இருக்க வேண்டும். எங்கள் சங்கத்துக்கு அது இல்லை. ஆக, அவள் எந்த மாவட்டத்துக்காரியும் இல்லை. கொட்டாஞ்சேனைக்காரி சிங்களத்தில் வெகுநேரம் வாதாடினாள். செயலாளர் கோபப்படவில்லை, அவருக்கே வெட்கமாக இருந்தது. அடுத்த சபைக் கூட்டத்தில் பேசலாம் என்றார். அதற்குள் அணி தெரிவாகிவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தெரிவு முடிந்து மற்றப் பெண்கள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவள் தனியாக நின்று வளையத்துக்குப் பந்து போட்டாள். தெரிவாளர்களில் ஒருவர் பையைத் தோளில் மாட்டியபடி நின்று பார்த்தார். போகிறபோது என்னிடம், "அபராதே" என்றார். வீணாகப் போகிறதே என்று இரங்கும் சிங்களச் சொல். அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டபின், திரும்பிப் போகிற கப்பலுக்கு எங்கே பதிய வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

சில வருடங்களில் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தது. அந்த விதியை நீக்கும் தீர்மானம் வந்த கூட்டத்துக்கு, வாக்கில்லாத பார்வையாளராக நானும் போயிருந்தேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கொட்டாஞ்சேனைக்காரி மேசைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு இலேசான காரியமா என்றுதான் இருந்தது.

பிறகு ஒரு தரம் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள், கனடா விசா அலுவலாக, கைக்குழந்தையோடு. விதியை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"நல்லது, அக்கா. இப்ப விளையாடுற பிள்ளையளாவது வரட்டும்."

பிறகு குழந்தைக்குப் பால் கரைக்கக் கொஞ்சம் சுடுதண்ணி கேட்டாள்.